அண்ணாச்சி தலைக்குப் பின்னாடி இருந்த வெளிச்சம்

பேனர் கதைன்னு நான் வாயத் தொறந்ததுமே உங்க மூஞ்சியில ஒரு சிரிப்பு வந்துச்சே, அத நான் பாத்துட்டேன். பெரிய மனுசன் ஒருத்தர் கைய எடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிப்பாரு, பக்கத்துல 'வாழ்த்த வயதில்லை வணங்குகிறோம்'னு ஒரு வரி இருக்கும், அதுல ஒரு எழுத்து காணாமப் போயிருக்கும், கடைசியில ஐப்பசி மழையில கிழிஞ்சு யாரு வீட்டு ஆட்டுக்கொட்டாய்க்காவது கூரையாப் போயிரும், நாமளும் வேட்டியத் தட்டிட்டு எந்திரிச்சுப் போயிரலாம்னு பாக்குறீங்க. இல்லன்னா, எந்தக் கோஷ்டி பேனர எந்தக் கோஷ்டி கிழிச்சான், யாரு மண்ட உடஞ்சதுன்னு ஒரு அடிதடிக்குக் காத்திருக்கீங்க. ரெண்டும் கெடையாது. ஆட்டுக்கொட்டாய் வேணுங்கறவங்க இப்பவே கெளம்பலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன். இது கிழியாத பேனரு. இதுல ஒரு மண்டையும் உடையல. ஒரு மனுசன் வெக்கப்பட்ட கதை, அவ்வளவுதான். வெக்கம்னா கல்யாணப் பொண்ணு வெக்கம் இல்ல. தொண்டையில சோறு எறங்காத வெக்கம்.

அந்த மனுசன் பேரு கொம்பையா. நாவக்குளம் முக்குல, பஸ் நிக்கிற எடத்துக்கு எதிர்த்தாப்புல 'நிலா டிஜிட்டல்ஸ்'னு கட வச்சிருந்தான். சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கபடிப் போட்டி, எதுவா இருந்தாலும் அவன்தான் டிசைன் போடணும். அந்த ஊர்ல மூஞ்சிய எங்க வைக்கிறதுங்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. நடுவுல பெருசா ஒருத்தரு, சுத்தி ஸ்டாம்பு சைசுல மத்தவங்க. யாரு மேல, யாரு கீழ, யாரு நடுவுக்கு எத்தன விரக்கடத் தூரத்துலன்னு அண்ணாந்து பாத்துத்தான் சம்பந்தம் பேசுவாங்க, அண்ணாந்து பாத்துத்தான் சம்பந்தத்த முறிப்பாங்க.

ஒரு சித்திரையில மண்டபத்து அண்ணாச்சிக்கு அறுவதாங்கல்யாணம் வந்துச்சு. ஊர்ல இருக்கறதே ஒரு கல்யாண மண்டபம், அது அவரோடது, அதனால அவர விரோதிச்சுக்கிட்டவன் வீட்டுப் புள்ளைங்களுக்கு ஓடிப்போறதத் தவிர வேற வழி கெடையாது. அப்பேர்ப்பட்டவரு கடைக்கே வந்துட்டாரு.

"ஏல கொம்பையா, தலைக்குப் பின்னால ஒரு சூரியன் போடுவல்லா, அது எனக்கு வேண்டாம். கறிக்கடை தொறந்தன்னைக்கு அதத் தூக்கி ஒரு கோழிக்கு வச்சுட்ட."

"அப்பம் சக்கரம் ஒண்ணு சுத்துற மாதிரி வைக்கட்டுமா அண்ணாச்சி?"

"அது சாமிக்கு. நான் என்ன செத்தா போயிட்டேன்? பாக்கிறவன் கண்ணு கூசணும்ல. ஆனா அது என்னன்னு அவனுக்குத் தெரியக்கூடாது."

சொல்லிட்டு அவரு போயிட்டாரு. கொம்பையா அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் கம்ப்யூட்டர்ல தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போயி, ரெண்டு ஆமவடை வாங்கிப் பிரிச்சா, வடை பொதிஞ்ச பேப்பர்ல இருக்கு அவன் தேடுன வெளிச்சம். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குன்னு வாரம் ஒருக்கா வர்ற அறிவியல் பக்கம் அது. வானத்துல எங்கியோ கெடக்குற ஒரு நட்சத்திரக் கூட்டம், கோலமாவ வட்டமாச் சுழட்டிவிட்ட மாதிரி கையி கையா விரிஞ்சு, நடுவுல மட்டும் பாக்க முடியாத வெளுப்பு. வடை எண்ணெ பட்டு அந்த எடம் இன்னும் பளபளங்குது. படத்துக்குக் கீழ நாலு வரி இருந்துச்சு. கொம்பையா வடையக் கடிச்சுக்கிட்டே அந்த நாலு வரியையும் படிச்சான்.

'சில விண்மீன் கூட்டங்களின் மையம் மட்டும் அளவுக்கு மீறி ஒளிரும். அங்கே இருப்பது ஒரு கருந்துளை. அதற்கென்று சொந்த ஒளி கிடையாது. சுற்றியுள்ளவை அதை நோக்கிச் சுழன்று விழுகின்றன. விழும்போது அவை ஒன்றோடொன்று உரசிச் சூடாகி எரிவதைத்தான் நாம் ஒளியாகப் பார்க்கிறோம்.'

படிச்சான், வாயத் தொடச்சான், ஸ்கேன் பண்ணினான், கீழ இருந்த நாலு வரியையும் வெட்டிட்டான். படத்தத் தூக்கி அண்ணாச்சி தலைக்குப் பின்னால வச்சான்.

வியாழக்கிழம காலையில பேனர் ஏறுச்சு. அண்ணாச்சியச் சுத்தி அறுவத்திநாலு மூஞ்சி. வெள்ளிக்கிழம மத்தியானம் அது பக்கமாப் போன மாடு ஒண்ணு ரெண்டு நெழலு விட்டுச்சு. ஒண்ணு சூரியனுக்கு, இன்னொண்ணு அண்ணாச்சிக்கு. சனிக்கிழம பாத்தா அறுவத்திநாலு மூஞ்சியும் ஒரு விரக்கட எடம் மாறி இருக்கு, தட்டுல விட்ட ரசம் சாயுற பக்கம் ஓடுற மாதிரி எல்லாம் வளஞ்சு வளஞ்சு நடுவப் பாத்து நகருது. செவ்வாக்கிழம காலையில, நடுவுக்கு ரொம்பக் கிட்ட இருந்த டெய்லர் பிலவேந்திரனோட மூஞ்சி அண்ணாச்சி காதச் சுத்தி ஒரு வட்டம் போட்டு, முறுக்கு மாவு மாதிரி நீளமா இழுபட்டு, சொய்ங்னு உள்ள போயிருச்சு. வெளிச்சம் ஒரு படி ஏறுச்சு. டீக்கடையில ஒருத்தன், "கரண்டு நல்லா வருது இன்னைக்கு"ன்னான்.

பிலவேந்திரன் கடைக்கு வந்து கத்துனாரு. "ஏம்ல, பதினஞ்சு வருசமா அண்ணாச்சிக்கு சட்ட தைக்கேன். என் மூஞ்சிய மட்டும் எதுக்குல அழிச்ச?"

கொம்பையாவுக்கு அந்த நாலு வரியும் நாக்கு நுனியில நின்னுச்சு. அண்ணாச்சியோட மண்டபத்துக்கு வர்ற அத்தன பேனர் ஆர்டரும் அவனுக்குத்தான் வந்துச்சு, அதுவும் ஞாபகம் வந்துச்சு.

"வெயில்ல சாயம் போயிருக்கும் அண்ணே"ன்னான்.

"சாயமா?"ன்னு கேட்டுக்கிட்டே பிலவேந்திரன் வெளிய எறங்கினாரு. அவரு கூட ஒரு நெழலும் எறங்கல.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் அந்த ஊருக்கு ரொம்ப இயல்பா நடந்துச்சு. பிலவேந்திரன் டீக்கடையில உக்காந்திருப்பாரு, டீ எல்லாருக்கும் வரும், அவரத் தாண்டிப் போயிரும். பஸ்ஸுக்குக் கை காட்டுவாரு, டிரைவர் கண்ணு அவரு மேல பட்டு வழுக்கிக்கிட்டு அந்தப் பக்கம் இருக்குற புளியமரத்துல போயி நிக்கும். பந்தியில அவரு முன்னால எல விழாது. வீட்டுல அவரு சம்சாரம் ஸ்டெல்லா அஞ்சு பேருக்கு நாலு தட்டு எடுத்து வைக்கும், வச்சிட்டு எதையோ மறந்த மாதிரி கொஞ்ச நேரம் நிக்கும், அப்புறம் சாப்பிட உக்காந்துரும். பிலவேந்திரனுக்கும் அதுல வருத்தம் இருந்த மாதிரி தெரியல. அவரு பாட்டுக்கு மூஞ்சியப் பேனர் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு, சூரியகாந்திப் பூ மாதிரி நின்னாரு.

அவருக்கு அடுத்தது சோடாக்கடைக்காரரு, அதுக்கடுத்தது அண்ணாச்சியோட ஒண்ணுவிட்ட மச்சினன், அதுக்கடுத்தது ரெண்டு வார்டு மெம்பருங்க. ஒவ்வொருத்தரு உள்ள போறப்பவும் வெளிச்சம் ஒரு படி ஏறும். ஊர்க்காரங்க கூடிப் பேசி இதுக்கு ஒரு பேரு வச்சாங்க. அவரு அண்ணாச்சியில 'கலந்துட்டாரு'ன்னாங்க. பேரு வச்சதும் எல்லாம் சரியாப் போச்சு. கலந்தவங்க வீட்டு வாசல்ல வாழமரம் கட்டுனாங்க. பொண்ணு பாக்க வந்தவங்க, "உங்க வீட்டுல யாரும் கலந்திருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. வெளிச்சத்தையும் ஊரு வீணாக்கல. ஆடிச் சாரல்லயும் அப்பளம் காஞ்சுச்சு, மொளகா காஞ்சுச்சு, கோழிங்க நேரம் காலம் தெரியாம ரெண்டு ரெண்டு முட்ட போட்டுச்சு, மல்லியப்பூ மத்தியானமே மலந்து பூக்காரங்க பொழப்புக் கெட்டுச்சு, அவங்க மட்டும் கொஞ்ச நாள் மொணங்கிட்டு அப்புறம் மொட்டாவே விக்கப் பழகிக்கிட்டாங்க. பேனரக் கழட்ட யாருக்கும் மனசு வரல. மூஞ்சி கொறயக் கொறய, புதுசு புதுசா மூஞ்சி அடிச்ச நீள நீளமான தொங்கல அதோட ஓரத்துல சேத்துக் கட்டுனாங்க. அதுவும் காத்துக்கு வளஞ்சு வளஞ்சு, கையி கையா விரிஞ்சு நின்னுச்சு. கொம்பையா கடை முன்னால போட்டோவும் கையுமா வரிச நின்னுச்சு.

"யய்யா, என்னைய உள்வட்டத்துல போடுங்கய்யா. ஓரத்துல போட்டா நான் போயிச் சேர மூணு மாசம் ஆகும்."

கொம்பையா போட்டான். கேட்டவங்க எல்லாரையும் போட்டான். மௌச வச்சு அவங்க கன்னத்தப் புடிச்சு இழுத்து, நடுவுக்குக் கிட்டக் கொண்டுபோயி விட்டான். நாம சொல்லலன்னாலும் இவங்களாத்தானே வாராங்கன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டான். அப்படிச் சொல்லிக்கிட்ட அன்னைக்கெல்லாம் அவனுக்குச் சாப்பாடு எறங்கல. ஏன்னா ஊரு கண்ணுக்குத் தெரியாம போனவங்க அத்தன பேரும் கொம்பையா கண்ணுக்கு மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சாங்க. சட்டையில எந்தப் பொத்தான் இல்லங்கறது வரைக்கும் தெரிஞ்சுச்சு. டீக்கடைக்குப் போனா ரெண்டு டீ சொல்லுவான், ஒண்ணக் குடிப்பான், இன்னொண்ணப் பெஞ்சு மேல பிலவேந்திரன் பக்கத்துல வச்சிட்டு, அவரப் பாக்காம குனிஞ்சுக்கிட்டே போயிருவான். 'கொம்பையாவுக்கு மறதி ஜாஸ்தியாயிட்டு'ன்னு கடைக்காரன் எல்லாருக்கிட்டயும் சொன்னான்.

இப்படி இருக்கையில ஒருநாள் சாயங்காலம் அண்ணாச்சியே தலையில துண்டப் போட்டுக்கிட்டுக் கடைக்கு வந்தாரு.

"ஏல, பேனர்ல என் மூஞ்சி எங்க?"

"இருக்கு அண்ணாச்சி. வெளிச்சத்துல தெரியல."

"அதத்தான் கேக்கேன். எனக்கே தெரியல. மண்டபத்துல போயி உக்காந்தா எவனும் என்னையப் பாத்துக் கும்பிட மாட்டேங்கான், சன்னல் வழியா முக்கப் பாத்துக் கும்பிடுதான். நேத்து என் பேத்தி என்னையப் பாத்து, யாரு தாத்தா நீங்கன்னு கேக்கா. வெளிச்சத்தக் கொஞ்சம் கொறைக்க முடியுமாடே?"

முடியும். புதுசா ஒரு மூஞ்சியும் கட்டாம இருந்தாப் போதும், அதுவா அடங்கிரும். அது கொம்பையாவுக்குத் தெரியும். ஆனா அதச் சொன்னா அடுத்த கேள்வி ஒண்ணு வரும். உனக்கு எப்படிலே தெரியும், எப்ப இருந்துலே தெரியும்னு வரும். அந்த எப்பங்கற கேள்விக்குப் பயந்தே அவன் பாதி ஒடம்பா ஆயிருந்தான்.

"ஊரு கோவிச்சுக்கும் அண்ணாச்சி"ன்னான்.

அண்ணாச்சி "அதுஞ் சரிதான்"னு துண்ட இழுத்து விட்டுக்கிட்டுப் போனாரு. போறப்ப அவரு பெருத்த வயித்தோட ஒரு ஓரமாப் போன விதம், கூட்டத்துல செருப்பத் தொலைச்ச ஆளு மாதிரி இருந்துச்சு.

சரி, ஊரான் மூஞ்சியோட போயிருந்தா கொம்பையா இப்படியே காலத்த ஓட்டியிருப்பான். ஆவணியில மகளிர் குழுவுக்குன்னு தனியா ஒரு தொங்கல் கட்டலாம்னு ஊர்ல முடிவாச்சு. பன்னெண்டு பொம்பளைங்க. தலைவிக்கு உள்வட்டம். தலைவி யாருன்னா மாரிக்கனி. மாரிக்கனி யாருன்னா கொம்பையா பொண்டாட்டி.

அவ சந்தோசத்தப் பாக்கணுமே! கல்யாணப் பட்டு நீலத்த எடுத்துக் கட்டி, ஸ்டூடியோவுல போயி, மூணு தரம் பவுடர் போட்டு எடுத்த போட்டோவக் கொண்டாந்து சாப்பாட்டுத் தட்டு பக்கத்துல வச்சா.

"எப்படி இருக்கு?"

"மங்கலா இருக்கு."

"மங்கலா? ஸ்டூடியோக்காரன் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு சினிமாக்காரி மாதிரி இருக்குன்னான்."

"பிரிண்டர்ல நீலம் தீந்து போச்சு, மாரி."

"சேலைய மஞ்சளா மாத்திப் போடுங்க. கோழிக்கே சூரியன் வச்ச ஆளு நீங்க."

கொம்பையா சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தான்.

"இருவத்தோரு வருசமா ஊர்ல உள்ளவன் மூஞ்சியெல்லாம் அழகு பாத்திய. என் மூஞ்சிய ஒருநா ஒரு ஓரத்துல வச்சியளா? கறிக்கடைக்காரன் பொண்டாட்டிகூட போன மாசம் கலந்துட்டா. டிசைன் போடுறவன் பொண்டாட்டி அடுப்படியிலயே கெடக்கேன்."

"அடுப்படிக்கு என்ன கொறச்சல்?"

"ஓஹோ"ன்னா மாரிக்கனி.

அந்த ஓஹோவுக்கப்புறம் எட்டு நாளு அவ பேசல. தட்ட வைப்பா, சத்தம் மட்டும் கேக்கும். அந்த எட்டு நாளும் கொம்பையா தெனமும் வாயத் தொறந்தான். ஏட்டி, அது குழிட்டி, உள்ள விழுறவங்க எரியுறதுதான் வெளிச்சம்னு சொல்லிரலாம்னு பக்கத்துல போவான். அவ நிமிந்து பாப்பா. அந்தக் கண்ணுல முதல்ல பயம் வரும், அப்புறம் கோவம் வரும், அப்புறம் அந்த எப்பங்கற கேள்வி வரும்னு தெரியும். "தண்ணி வேணும்"னு சொல்லிட்டுத் திரும்பிருவான். பொண்டாட்டியக் காப்பாத்தவும் செய்யணும், அவ முன்னால மனுசனா நிக்கவும் செய்யணும். ரெண்டுக்கும் சேத்து ஒரு பொய் கெடைக்குமான்னு அந்த எட்டு நாளும் தேடுனான்.

தொங்கல் கட்டுற அன்னைக்கு, காலையில பத்து மணிக்கு, முக்குல ஊரே நின்னுச்சு. அப்பளம் காயப்போட வந்தவங்க, பஸ்ஸுக்கு வந்தவங்க, கண்ணுக்குத் தெரியாதவங்க, எல்லாரும் நின்னாங்க. கட்டுறவங்க தொங்கல விரிச்சாங்க. பதினொரு பொம்பளைங்க மூஞ்சி இருந்துச்சு. பன்னெண்டாவது எடத்துல, நடுவுக்கு ரொம்பக் கிட்ட, ஒரு ரோசாப்பூ இருந்துச்சு.

மாரிக்கனி நீலப் பட்டக் கொசுவத்தோட தூக்கிச் சொருகினா. முந்தானையில இருந்து போட்டோவ எடுத்தா, பசை டப்பாவ எடுத்தா. "ஏட்டி, ஏணியப் புடிங்கட்டி"ன்னா. மறு நிமிசம் அவ மூணாவது படியில நின்னா. மேல போகப் போக வெளிச்சத்துல அவ முடி, காது, மூக்குத்தி எல்லாம் ஓரம் கரைஞ்ச மாதிரி வெளுக்குது.

"எறங்கு மாரி!" கொம்பையா ஓடிப்போயி ஏணியக் கட்டிப் புடிச்சான்.

"எனக்கு அந்தத் தகுதி இல்லன்னு ஊரு முன்னால சொல்லுங்க, எறங்குதேன்."

"அது இல்லட்டி."

"பின்ன என்ன?"

"அது விழுங்கிரும்!"

சொல்லிட்டான்.  பஸ் டிரைவர் எஞ்சின நிறுத்திட்டு எட்டிப் பாத்தாரு. கூட்டத்துல இருந்து ஸ்டெல்லா, பிலவேந்திரன் சம்சாரம், முன்னால வந்துச்சு. "என்னண்ணே சொல்லுதிய? எங்க வீட்டுக்காரரு கலந்துட்டாருன்னுல்லா நெனச்சிருந்தேன். விழுங்கிருச்சா?" எத்தனையோ மாசத்துக்கப்புறம் அது ஒவ்வொரு விரலா மடக்கி வீட்டு ஆளுங்கள எண்ணிப் பாத்துச்சு. அஞ்சாவது விரல்ல நின்னுருச்சு.

மாரிக்கனி ஏணியில நின்னபடியே கீழ பாத்தா. கோவம் போயி, அவ கண்ணுல வேற ஒண்ணு இருந்துச்சு.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

கொம்பையா எட்டு நாளாத் தேடுன பொய் அப்பந்தான் அவன் கைக்கு வந்துச்சு.

"முந்தாநாளு. முந்தாநாளுதான் மாரி. ஒரு பேப்பர்ல போட்டிருந்தான். சத்தியமா. தெரிஞ்சதும் ஒடம்பே ஆடிப்போச்சு. எப்படிச் சொல்லன்னு தெரியாமத்தான் ரெண்டு நாளா..." அவனுக்கு அழுக வந்துச்சு. அழுக நெசமாவே வந்துச்சு, அதனால பொய்யும் நெசம் மாதிரியே இருந்துச்சு.

ஊரு அத ஏத்துக்கிட்டுச்சு. ஊருக்கு எதையும் ஏத்துக்கிட்டுத்தான் பழக்கம். "பாவம், முந்தாநாளுதான் தெரிஞ்சிருக்கு"ன்னு ஒருத்தரு சொன்னாரு. "தெரிஞ்ச ஒடனே சொல்லிட்டாம்லா, அதுக்கே ஒரு மனசு வேணும்"னு இன்னொருத்தரு சொன்னாரு. யாரோ அவன் தோளத் தட்டிக் குடுத்தாங்க. மாரிக்கனி ஒரு படி எறங்கினா. இன்னொரு படி எறங்கினா. அவன் தலையில கைய வச்சா. கொம்பையா கண்ண மூடிக்கிட்டான்.

பேனருக்குக் கீழ நெழலுல வெள்ளரிப்பிஞ்சு விக்கிற பொம்பள ஒருத்தி, உப்புத் தூள மடிச்சுக்கிட்டே, அவனுக்குப் பரிஞ்சுதான் பேசுனா.

"நல்ல மனுசன் தாயி அவரு, வையாத. பெரும கெடையாது அவருகிட்ட. இந்தப் பேனரு ஏறுன அன்னைக்கு, கட்டுனவங்கள்லாம் டீ குடிக்கப் போயிட்டாங்க, இவரு மட்டும் ஏணியில ஏறி, கீழ் மூலையில கடப் பேரு பக்கத்துல இவரு மூஞ்சி சின்னதா இருந்துச்சுல்லா, அத மட்டும் பிளேடால சதுரமா அறுத்து எடுத்துச் சட்டப்பையில வச்சுக்கிட்டாரு. என்னய்யா இப்படிப் பண்ணுதியன்னு கேட்டேன். காத்து போறதுக்கு ஓட்ட போடுதேம்மான்னாரு. அன்னைக்கு அதுல வெளிச்சமே வந்திருக்கல தாயி."